ஷகீல் அஹ்மதின் தந்தை தொடுத்த வழக்கு

பாரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துப் பெரியவர்களுக்கு வீரப்பன் காலம் இன்னும் மறந்திருக்காது. 2004 அக்டோபர் 18 அன்று தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதோடு எல்லாம் முடிந்துவிட்டதாகவே பலரும் நினைக்கிறோம். அந்தக் கும்பல் கொன்ற காவலர்களுக்காக நடந்த வழக்கைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசியதில்லை. அந்த வழக்கு பாதியில் கைவிடப்படாமல் இருக்கக் காரணம் ஒரு முஸ்லிம் தந்தை.

1992 ஆகஸ்ட் 14 அன்று, கர்நாடகத்தின் மீண்யம் அருகே காட்டுப்பாதையில் வீரப்பன் கும்பல் பதுங்கியிருந்து சுட்டது. எஸ்.பி. ஹரிகிருஷ்ணா, உதவி ஆய்வாளர் ஷகீல் அஹ்மத், உடன் சென்ற 4 காவலர்கள் ஆகியோர் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே கண்ணிவெடியில் காவலர்கள், வனத்துறையினர், தகவல் சொன்ன கிராமத்தினர் என 22 பேர் இறந்தனர். இவற்றைத் தொடர்ந்து எல்லையோரக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் தடா சட்டத்தில் கைதாகி, மைசூர் தனி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

தடா என்றால் நம் சமுதாயத்துக்கு விளக்கம் தேவையில்லை. எஸ்.பி. நிலை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். ஜாமீன் கிடைப்பது அரிது. 1995இல் அந்தச் சட்டம் காலாவதியான பிறகும் அதில் சிக்கியவர்கள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள்.

2000 ஜூலை 30 இரவு, தாளவாடி அருகே கஜனூர் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். மைசூர் தடா கைதிகளை விடுவிக்க வேண்டும் என்பது அவன் வைத்த கோரிக்கைகளில் ஒன்று. பெங்களூரில் கலவரம் வெடிக்குமோ என்ற பயத்தில் இரு மாநில அரசுகளும் இறங்கி வந்தன. தடா குற்றச்சாட்டுகளை மட்டும் திரும்பப் பெற்றுக்கொண்டால் மற்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்துவிடும் என்பது கணக்கு. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டார், மைசூர் நீதிமன்றமும் அனுமதித்தது.

அப்போதுதான் ஷகீல் அஹ்மதின் தந்தை அப்துல் கரீம் உச்ச நீதிமன்றம் சென்றார். இஸ்லாமியச் சட்டத்தில் கொல்லப்பட்டவரின் வலீக்கு, அதாவது வாரிசுக்கு, கிஸாஸ் கேட்கவும் மன்னிக்கவும் உரிமை உண்டு. அவரை ஒதுக்கிவிட்டு ஆட்சியாளர் மன்னித்துவிட முடியாது. இந்தியச் சட்டம் அப்படியல்ல. குற்றம் அரசுக்கு எதிரானது, வழக்கை நடத்துவதும் அரசு. அந்த அரசே பின்வாங்கினால் தந்தை எங்கே போவார்? கரீம் கேட்டது பழியல்ல, விசாரணை நடக்கட்டும் என்பதுதான்.

2000 நவம்பர் 7 அன்று நீதிபதிகள் பரூச்சா, மொகபாத்ரா, சபர்வால் அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 வரை நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் 321ஆம் பிரிவின்படி வழக்கைத் திரும்பப் பெற வேண்டுமானால், அரசு வழக்கறிஞர் தானே ஆராய்ந்து, பொதுநலன் கருதி நல்லெண்ணத்தோடு முடிவெடுக்க வேண்டும். அரசு சொன்னது என்பதற்காகக் கையெழுத்துப் போடக் கூடாது. அதை நீதிமன்றமும் சரிபார்க்க வேண்டும். இங்கே இரண்டும் நடக்கவில்லை என்று அனுமதியை ரத்து செய்தது. கைதிகள் விடுவிக்கப்படாமலேயே நவம்பர் 15 அன்று, 108 நாட்களுக்குப் பிறகு, ராஜ்குமார் வீடு திரும்பினார்.

கலவர வழக்கையோ கொலை வழக்கையோ அரசு சத்தமில்லாமல் கைவிடப் பார்க்கும்போது, பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வழக்கறிஞர் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு இது. 'அப்துல் கரீம் எதிர் கர்நாடக மாநிலம்' என்ற பெயரை நம் ஜமாஅத் நிர்வாகிகள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

விசாரணை நடந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கும் ஒரு நன்மை கிடைத்தது. 2001 செப்டம்பரில் மைசூர் நீதிமன்றம் பெரும்பாலோரை விடுதலை செய்தது. வெகு சிலருக்கே தண்டனை. கடத்தல்காரனின் தயவில் வெளியே வந்திருந்தால் ஆயுள் முழுக்க 'வீரப்பன் ஆள்' என்ற பெயர் ஒட்டியிருக்கும். குற்றமற்றவர் என்ற தீர்ப்போடு ஊர் திரும்பினார்கள். ஆனால் சுமார் எட்டு ஆண்டுகள் போனது போனதுதான். அதிரடிப்படையின் சித்திரவதைகளை விசாரித்த சதாசிவா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கத் தேசிய மனித உரிமை ஆணையம் உத்தரவிட்டது.

பாலாறு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற சைமன், பிலவேந்திரன், ஞானப்பிரகாசம், மீசைக்கார மாதையன் ஆகிய நால்வர் மேல்முறையீடு செய்தனர். (இந்த மாதையன் வேறு, வீரப்பனின் அண்ணன் மாதையன் வேறு.) 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தானாகவே அதைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது. கருணை மனு ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2013 பிப்ரவரியில் நிராகரிக்கப்பட்டது.

2014 ஜனவரி 21 அன்று, தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான அமர்வு நால்வரின் தூக்கையும் ஆயுளாகக் குறைத்தது. காரணமில்லாத தாமதமே போதும், தடா கைதி என்பதற்காக அந்த உரிமையை மறுக்க முடியாது என்றது தீர்ப்பு. அதற்கு முந்தைய ஆண்டு வந்த புல்லர் தீர்ப்பு இதற்கு நேர்மாறாகச் சொல்லியிருந்தது. நால்வரில் ஞானப்பிரகாசம், நுரையீரல் புற்றுநோயாளியாக, 2022 இறுதியில் நிபந்தனை ஜாமீனில் மைசூர் சிறையிலிருந்து வெளியே வந்தார்.