மிளகாய்ச் செடியின் வேரடிக் காவல்

சித்தூர், திருப்பதிச் சந்தைகளிலே 'மிரபகாய' என்று கேட்டு நாம் வாங்கும் மிளகாய், நம்முள் பலரைப் போலவே வேற்றிடத்திலிருந்து வந்து குடியேறியது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அதனைப் போர்த்துக்கேசியர் கொணர்ந்தனர். மிளகின் காரத்தை நினைந்து நாம் பெயரிட்டுக்கொண்டோம். வந்த இடத்தில் வேரூன்றிய செடி, இங்குள்ள நோய்களுக்கும் இரையாயிற்று.

வெள்ளை ஈ கொணரும் இலைச்சுருள் நோயும், அசுவினி பரப்பும் தேமல் நோயும் வைரஸால் வருவன. இலை சுருங்கும், செடி குட்டையாகும், காய்ப்புக் குன்றும். செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸை நீக்கவல்ல மருந்து உழவர் கையில் இன்றும் இல்லை. கடன் வாங்கி நட்டவன், நோயுற்ற செடியைத் தன் கையாலேயே பிடுங்கி எரிக்கிறான்.

இவ்வரலாற்றில் ஒரு வியப்பு உண்டு. புகையிலைத் தேமலுக்குக் காரணம், பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் ஒரு நுண்பொருள் என்று விளக்கி, அதனை வைரஸ் என்று 1898-இல் அழைத்தவர் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1888-இல், அவரை இனச் செடிகளின் வேர்முடிச்சில் வாழ்ந்து அவற்றிற்கு நைட்ரஜன் ஊட்டும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தவரும் அவரே! செடியின் பகைவனையும் நண்பனையும் அறிந்த அவர் காலத்தில், வேரடி நண்பர்களைக் கொண்டு இலையில் வரும் பகையைத் தடுக்கலாம் என்று எவரும் எண்ணினாரில்லை. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு சென்றது.

வேரில் தங்கும் சில பாக்டீரியாக்கள், தாம் தீண்டாத இலையிலும் எதிர்ப்பாற்றலை எழுப்புகின்றன என்று 1991-இல் ஆய்வாளர் வெளியிட்டனர். வெள்ளரித் தேமல் வைரஸ் மிளகாயையும் தாக்குவது. அதற்கு எதிராக வெள்ளரியிலும் தக்காளியிலும் இம்முறை பயன்தருவது 1996-இல் அமெரிக்காவில் காட்டப்பட்டது. பாக்டீரியா இங்கே வைரஸைக் கொல்வதில்லை. ஊர்க்காவலன் குரல் கொடுத்து ஊராரை எழுப்புவது போலச் செடியை முன்னதாகவே விழிக்கச் செய்கிறது, அவ்வளவே. போரிடுவது செடிதான்.

நம் நாட்டில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாவை டால்க் பொடியில் கலந்து உழவருக்கு எளிதாக்கினர். வாழையின் முடிக்கொத்து வைரஸுக்கு எதிராகவும் அதனை ஆராய்ந்தனர். ஒரு கிலோ மிளகாய் விதைக்கு 10 கிராம் பொடி போதும். சிறு செலவுதான், ஆயின், இதனை நம்பி நாற்றங்காலுக்கு வலை கட்டாமல் விடுவது பேதைமை. வெள்ளை ஈ மிகுந்தால் விழித்திருக்கும் செடியும் தோற்கக்கூடும். இலை சுருண்ட பின் பொடியைத் தேடி ஓடுவதிலும் பயனில்லை; காவலனை விதைப்பதற்கு முன்பே அமர்த்திக்கொள்ள வேண்டும்.