கால்மணை

கால்மணை என்பது நாற்காலி போன்ற உயரமான இருக்கையில் அமர்ந்திருப்பவர் தம் பாதங்களை ஊன்றிக்கொள்ளப் பயன்படும் தாழ்வான பலகை அல்லது சிறு பீடம் ஆகும். தனியாக எடுத்து வைக்கக்கூடியது கால்மணை எனவும், நாற்காலியுடனோ ஊர்தியுடனோ பொருத்தப்பட்டிருப்பது கால்தாங்கி எனவும் இக்கட்டுரையில் குறிக்கப்படுகின்றன. பேச்சு வழக்கில் இரண்டுமே ஃபுட்ரெஸ்ட் என்றும், முன்னது கால் ஸ்டூல் என்றும் அழைக்கப்படுவதுண்டு.

கால்மணை ஓய்வுக்கான ஆடம்பரப் பொருள் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் முதன்மையான பணி வேறு. இருக்கையின் உயரம் அமர்பவரின் முழங்காலுக்குக் கீழுள்ள கால் நீளத்தைவிட மிகும்போது பாதம் தரையைத் தொடாமல் தொங்குகிறது. அந்த இடைவெளியை நிரப்புவதே கால்மணை. குள்ளமானவர்கள், சிறுவர்கள், முதியோர், நாள் முழுவதும் அமர்ந்து பணிபுரிவோர் ஆகியோருக்கு இது தேவைப்படுகிறது.

பெயர்கள்

மணை என்ற சொல் அமர்வதற்கான தாழ்ந்த மரப்பலகையைக் குறிக்கும். அரிவாள்மணை என்ற சொல்லிலும் இதுவே உள்ளது. பாதபீடம் என்பது வடமொழி வழி வந்த சொல். சிற்பம், கோயில் தொடர்பான எழுத்துகளில் மிகுதியாகக் காணப்படுகிறது. விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் பாதபடி என்ற சொல் ஆளப்பட்டுள்ளது.

மணமக்கள் அமரவும் பூசைப் பொருட்கள் வைக்கவும் பயன்படும் மணையின் மீது கால் வைப்பதைத் தமிழ் வீடுகளில் பெரும்பாலும் விரும்புவதில்லை. ஆகவே கால் வைப்பதற்கென்று ஒரு பலகை தேவைப்படும் வீட்டில் அது தனியாகவே வைக்கப்படுகிறது.

தோற்றம்

பண்டைய எகிப்தில் கால்மணை அரசுரிமையின் அடையாளமாக இருந்தது. 1922ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட துட்டன்காமன் கல்லறையில் பல கால்மணைகள் கிடைத்தன. அவற்றில் சிலவற்றின் மேற்பரப்பில் கைகள் கட்டப்பட்ட பகைவர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. மன்னன் அமரும்போதெல்லாம் பகைவரை மிதித்தவனாகிறான் என்பது கருத்து. கிரேக்கத்தில் உயர்ந்த இருக்கைகளுக்கு முன் கால்மணை இடுவது வழக்கம். ஓமரின் ஒடிசியில், பிச்சைக்காரன் வேடத்தில் வந்த ஒடிசியசின் மீது அன்டினூசு என்பவன் கால்மணையைத் தூக்கி எறிகிறான். அக்காலக் கால்மணை கையால் தூக்கி வீசக்கூடிய அளவினது என்பதை இதிலிருந்து அறியலாம்.

குளிர்நாடுகளில் கால்மணைக்கு வேறொரு பணியும் இருந்தது. நெதர்லாந்தில் துளையிட்ட மரப்பெட்டிக்குள் தணல் நிறைந்த மண்சட்டியை வைத்து அதன் மேல் பாதங்களை வைத்துக் குளிர்காய்ந்தனர். 17ஆம் நூற்றாண்டு ஓவியர் வெர்மீர் வரைந்த, பாலூற்றும் பணிப்பெண்ணின் புகழ்பெற்ற ஓவியத்தில் இப்பெட்டி தரையில் இருப்பதைக் காணலாம். ஆட்டோமன் எனப்படும் மெத்தை வைத்த தாழ்ந்த இருக்கை, உதுமானியப் பேரரசின் பெயரால் ஐரோப்பாவில் வழங்கி, இன்று நம் ஊர் மரச்சாமான் கடைகள் வரை வந்துள்ளது.

இந்தியாவில் பாதபீடத்தின் சிறந்த சான்றுகள் அமராவதிச் சிற்பங்களில் உள்ளன. புத்தரை மனித உருவில் காட்டாத சிற்பங்களில் வெற்று அரியணையும், அதன் முன் பாதச்சுவடுகள் பொறித்த பாதபீடமும் அவருடைய இருப்பைக் குறிக்கின்றன. அமராவதிச் சிற்பங்கள் பல சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

தரையில் அமரும் ஊர்களும் நாற்காலியின் வரவும்

அரண்மனைக்கும் கோயிலுக்கும் வெளியே தமிழ்நாட்டில் கால்மணை பரவலாக இல்லாததற்குக் காரணம் எளிது: நாற்காலி இல்லாத இடத்தில் கால்மணைக்கு வேலையில்லை. மதுரை மாவட்டத்தின் தென்மேற்கில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய பேரையூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்ளலாம். இங்குள்ள பழைய வீடுகளில் உண்பது, காய்கறி நறுக்குவது, பேசியிருப்பது எல்லாம் தரையிலும் திண்ணையிலுமே நடந்தன. சம்மணமிட்டு அமர்பவரின் கால்களைத் தரையே முழுவதுமாகத் தாங்குகிறது.

மதுரைப் பகுதி நெசவாளர்களின் குழித்தறி இதற்கு நேர்மாறான ஒரு தீர்வாகும். நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி, அங்குள்ள மிதிகளை இயக்குகிறார். காலுக்காகத் தரையை உயர்த்துவது கால்மணை என்றால், காலுக்காகத் தரையைத் தாழ்த்துவது குழித்தறி.

நாற்காலி முதலில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் வந்தது. வசதியுள்ள வீடுகளில் சாய்வு நாற்காலி இடம்பிடித்தது. அதன் ஒரு வகையில் கைப்பிடியின் அடியிலுள்ள நீண்ட சட்டத்தை முன்னோக்கித் திருப்பி, அதன் மீது கால்களை நீட்டிக்கொள்ளலாம். தோட்டத்துரைமார் பயன்படுத்தியதால் ஆங்கிலத்தில் அவர்கள் பெயராலேயே அது வழங்குகிறது. நெகிழி நாற்காலிகளின் வரவுக்குப் பின் சிற்றூர் வீடுகளிலும் நாற்காலி இயல்பான பொருளாயிற்று. அதனுடன் வந்திருக்க வேண்டிய கால்மணை மட்டும் வரவில்லை.

உயரக் கணக்கு

பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று 2016ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1996இல் பிறந்த இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; ஆண்களின் சராசரி சுமார் 165 செ.மீ. முழங்காலின் பின்புற மடிப்பிலிருந்து குதிகால் வரையிலான உயரம் தோராயமாக ஒருவரின் முழு உயரத்தில் நான்கில் ஒரு பங்கு. எனவே சராசரிப் பெண்ணுக்கு இது சுமார் 38 செ.மீ. செருப்பின் தடிமன் 2 செ.மீ. சேர்த்தால் 40 செ.மீ. ஆகிறது. ஆனால் கடைகளில் விற்கப்படும் நாற்காலிகளின் இருக்கை உயரம் பெரும்பாலும் 45 செ.மீ. ஐ ஒட்டியே இருக்கிறது. அதாவது சராசரி உயரமுள்ள பெண்ணுக்கே 5 செ.மீ. இடைவெளி உண்டாகிறது.

மேசையில் கணினியைக் கையாளுபவருக்கு இடைவெளி இன்னும் கூடும். மேசையின் உயரம் வழக்கமாக 75 செ.மீ.; அதை மாற்ற இயலாது. முழங்கை மேசை மட்டத்துக்கு வரவேண்டுமெனில் நாற்காலியை 50 செ.மீ. வரை உயர்த்த வேண்டியிருக்கும். அப்போது தோளும் மணிக்கட்டும் சரியான நிலைக்கு வரும். கால்கள் தரையிலிருந்து 10 செ.மீ. மேலே தொங்கும். நாற்காலியைத் தாழ்த்தினால் காலுக்கு நலம், தோளுக்குக் கேடு. உயரம் மாற்றக்கூடிய நாற்காலி இருந்தால் போதும், கால்மணை வேண்டாம் என்ற கருத்து இதனாலேயே சரியன்று. நாற்காலியை மாற்ற முடிந்து மேசையை மாற்ற முடியாதபோதுதான் கால்மணையின் தேவை மிகுகிறது.

கால்மணையின் தடிமன் மேற்கண்ட இடைவெளிக்குச் சமமாக இருக்க வேண்டும். இரு பாதங்களையும் தாராளமாக வைத்து நகர்த்த ஏறத்தாழ 45 செ.மீ. அகலமும் 35 செ.மீ. ஆழமும் ஏற்றவை. முன்பக்கம் சற்று உயர்ந்த சாய்வு விரும்பத்தக்கது. 7.5 செ.மீ. தடிமனுள்ள செங்கற்களின் மீது 2.5 செ.மீ. பலகையை அசையாமல் பொருத்தினால் 10 செ.மீ. உயரக் கால்மணை கிடைத்துவிடும். விலை கொடுத்து வாங்கும் பொருள் இதைவிட அழகாக இருக்கலாம். செய்யும் வேலை ஒன்றே.

உடல்நலம்

பாதம் ஊன்றாமல் தொங்கும்போது காலின் எடை தொடையின் அடிப்பகுதிக்கு மாறுகிறது. நாற்காலியின் முன்விளிம்பு அங்கு அழுத்துவதால் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் நெருக்கப்பட்டு மரத்துப்போதல் ஏற்படுகிறது. இதைத் தவிர்க்க அமர்பவர் முன்னுக்கு நகர்ந்து விளிம்பில் உட்காருகிறார். முதுகு நாற்காலியின் சாய்மானத்தை இழக்கிறது. முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது காலடியில் ஒரு பலகையாக இருக்கலாம்.

கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது காலிலுள்ள இரத்தம் இதயத்தை நோக்கி மேலேற்றப்படுகிறது. நெடுநேரம் அசையாதிருந்தால் கணுக்காலில் வீக்கம் உண்டாகும். முன்னும் பின்னும் ஆடக்கூடிய கால்மணை பாதத்தை அசைக்கத் தூண்டுவதால் இவ்வகையில் பயன் தருகிறது. ஆயினும் எழுந்து நடப்பதற்கு அது ஈடாகாது. வீங்கிய கால்களுக்கு ஓய்வு தர, படுத்த நிலையில் அவற்றை இதய மட்டத்துக்கு மேல் உயர்த்துவதே வழக்கமான அறிவுரை. தாழ்ந்த கால்மணையால் அது நிறைவேறாது. மாறாக, தேவைக்கு மேல் உயரமான கால்மணை முழங்கால்களை இடுப்புக்கு மேல் தூக்கி, கீழ்முதுகின் இயல்பான வளைவைக் குலைத்துவிடும்.

மேனாட்டுக் கழிப்பறையில் மட்டும் இந்த உயர்ந்த நிலையே வேண்டப்படுகிறது. மூட்டுவலியால் குந்தி அமர இயலாத முதியோர் உயரமான கழிப்பறைக்கு மாறும்போது மலம் கழிக்கச் சிரமப்படுவதுண்டு. 18 முதல் 23 செ.மீ. உயரமுள்ள கால்மணையில் பாதங்களை வைத்தால் உடல் குந்திய நிலையை ஓரளவு நெருங்குகிறது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 52 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் முக்கல் குறைந்ததாகத் தெரிவித்தனர். பங்கேற்றோர் நலமுள்ளவர்கள் என்பதால் நோயாளிகளுக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது.

பணியிடமும் சட்டமும்

ஐரோப்பியக் குழுமத்தின் 1990ஆம் ஆண்டு நெறிமுறையும், அதைப் பின்பற்றிய பிரித்தானியாவின் 1992ஆம் ஆண்டு விதிகளும், கணினித் திரையில் பணிபுரிவோருள் விரும்பும் எவருக்கும் கால்மணை தரப்பட வேண்டும் என்கின்றன. மருத்துவச் சான்று எதுவும் கோரப்படவில்லை. விரும்பினாலே போதும் என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டில் வழக்கு இன்னும் இருக்கை அளவிலேயே உள்ளது. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனையாளர்கள், குறிப்பாகப் பெண்கள், நாள் முழுவதும் நின்றுகொண்டே பணிபுரிந்து வந்தனர். மதுரை விளக்குத்தூண் பகுதிக் கடைகளுக்குச் செல்வோர் இதை நன்கறிவர். கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர் அமர வழிசெய்தது. அதைத் தொடர்ந்து 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவரப்பட்டு, எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை வசதி அளிப்பது கட்டாயமாக்கப்பட்டது. விற்பனை மேசையின் உயரத்துக்கேற்ப வைக்கப்படும் உயரமான ஸ்டூலில் கால் ஊன்ற இடமில்லையெனில் அந்த இருக்கை அரைகுறையானதே. ஸ்டூலின் கால்களுக்கு இடையிலுள்ள குறுக்குச் சட்டம் அங்கே கால்தாங்கியாகிறது.

நின்றே செய்யவேண்டிய வேலையிலும் கால்மணை உதவும். 10 முதல் 15 செ.மீ. உயரக் கட்டை ஒன்றில் இரு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் கீழ்முதுகின் இறுக்கம் குறைகிறது.

ஊர்திகளில்

பேரையூர் போன்ற ஊர்களில் மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கால்தாங்கி இருசக்கர ஊர்தியில் இருப்பதுதான். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளின் 123ஆம் விதி, பின்னிருக்கை கொண்ட மோட்டார் சைக்கிளில் கைப்பிடி, கால்தாங்கி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் எனக் கூறுகிறது. காப்பு, உடை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்காக. சேலை அணிந்து ஒருபக்கமாக அமரும் பெண்களுக்காக இடப்புறத்தில் அகன்ற தட்டு போன்ற கால்தாங்கி பொருத்தப்படுவது இந்திய ஊர்திகளின் தனித்தன்மை. இரு காலும் ஒரே பக்கம் இருப்பதால் திடீரெனத் தடுப்புப் போடும்போது அமர்ந்திருப்பவரைத் தாங்குவதில் இத்தட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. இருபக்கமும் கால் போட்டு அமர்வதே இதைவிடப் பாதுகாப்பானது.

சக்கர நாற்காலியின் கால்தாங்கியும் இவ்வகையில் அடங்கும். உணர்ச்சியற்ற கால்கள் தரையில் இழுபடாமல் காப்பது இதுவே. ஏறும்போதும் இறங்கும்போதும் அதை மடக்கிவிட வேண்டும். அதன் மீது நின்று எழ முயன்றால் நாற்காலி முன்பக்கமாகக் கவிழும்.

கவனிக்க வேண்டியவை

இரவில் நடைபாதையில் விடப்படும் கால்மணை முதியோர் இடறி விழக் காரணமாகலாம். பரண்மேல் உள்ள பொருளை எடுக்க அதன் மீது ஏறுவதும் தவறு; மெத்தை வைத்தவையும் ஆடும் வகையும் உடலின் முழு எடையைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் கூரிய விளிம்புள்ள கால்மணையைத் தவிர்ப்பது நல்லது. குதிகால் ஒரே இடத்தில் நெடுநேரம் அழுந்திப் புண்ணாவது அவர்களுக்குத் தெரியாமல் போகக்கூடும்.