கப்பியும் கயிறும்



1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. அதன் நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு. வல்வெட்டித்துறைக் கரையிலே கட்டப்பெற்று அன்னபூரணி என்னும் பெயரோடு விளங்கிய அக்கப்பலை, வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். செங்கடல், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக்கு எனத் தாண்டி அதனைக் கொண்டு சென்றவர்கள் எங்கள் ஊர் மாலுமிகள்.

இப்பயணத்தைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். யான் இன்று பேச எடுத்துக்கொண்டது அக்கப்பலில் எவர் கண்ணிலும் படாத ஒரு சிறு பொருள்: கப்பி. பாயை உயர்த்தவும் சரக்கை இறக்கவும் கப்பியும் கயிறுமே துணை. அவற்றுள் ஒன்று அளவிற் குறைந்திருப்பின், பாரம் விழுவது கீழே நிற்பவன் தலையிலேதான்.

அளவு எவ்வாறு காண்பது? சணற்கயிறாயினும் மணிலாக் கயிறாயினும், அதன் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதனை அதனாற் பெருக்கி, மூன்றால் வகுத்தால் அது அறும் பாரம் தொன்னில் வரும் என்பது பழைய கடலோடிகள் கணக்கு. மூன்று அங்குலக் கயிறு மூன்று தொன்னில் அறும். ஆனால் ஆறிலொரு பங்கையே அதன்மீது ஏற்றலாம்; அஃதாவது அரைத் தொன், பத்து அந்தர்.

ஒரு தொன் சரக்கை அக்கயிற்றால் நேரே தூக்குதல் ஆகாது. இரட்டைச் சில்லுக் கப்பிகள் இரண்டை மேலும் கீழுமாகப் பூட்டினால், பாரத்தை நான்கு கயிற்றுப் புரிகள் தாங்கும். இழுப்பவர்க்கு ஐந்து அந்தரே போதும் எனப் பாடநூல் கூறும். உராய்வோ பாடநூலைப் படிப்பதில்லை! சில்லொன்றுக்குப் பத்திலொரு பங்கு கூட்டினால் ஏழு அந்தராகும். பத்துக்கு உட்பட்டதாதலின் கயிறு தாங்கும். கப்பியின் நீளமும் கயிற்றின் சுற்றளவைப்போல் மூன்று மடங்கு, ஒன்பது அங்குலம், வேண்டும். சில்லு சிறுத்தால் கயிறு மடிந்து, வெளிப்புரி இழுபட்டு, உட்புரி நசுங்கிக் கெடும்.

எங்கள் பள்ளிகளில் இக்கப்பியைக் கரும்பலகையிலே வரைந்தோம். வரைந்து மதிப்பெண்ணும் இட்டோம். கூப்பிடு தூரத்துத் துறைக்கு மாணவரை அழைத்துச் சென்று ஒரு கயிற்றை இழுக்கச் செய்தோமில்லை. அக்குறையில் எனக்கும் பங்குண்டு.

மேனாட்டிலே கப்பி செய்வது பெருந்தொழிலாயிற்று. இங்கிலாந்தின் போட்ஸ்மத் கடற்படைத் தளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மார்க் புறூணெல் என்பார் நீராவியால் இயங்கும் பொறிகளை அமைத்தார். 110 பேர் செய்த வேலையைப் பத்துப்பேர் செய்தனர். 1808இல் ஏறத்தாழ 1,30,000 கப்பிகள் உருவாயின. அப்பொறிகளைச் சுழற்றியதும் கப்பிமேல் ஓடிய தோல்வாரே என்பது வேடிக்கை.

வாருக்கு ஒரு குறையுண்டு. ஆறு அங்குலக் கப்பி பன்னிரண்டு அங்குலக் கப்பியை ஓட்டினால் வேகம் பாதியாக வேண்டும். ஆனால் உராய்வையே நம்பிய வார் சற்றே வழுக்கும். நெல் ஆலைக்கு அது பெரிதன்று. தையற் பொறியிலோ மேலே ஊசியும் கீழே நூற்சுற்றும் கணந்தவறாது சந்திக்க வேண்டும். இத்தேவைக்காகவே 1940களில் அமெரிக்கர் ஒருவர், றிச்சட் கேஸ், பல் வைத்த வாரை ஆக்கினார். 1962இல் அது ஜெர்மனியின் கிளாஸ் மோட்டார் வண்டியினுள்ளும் புகுந்தது.

இருபது பல்லுக் கப்பி நாற்பது பல்லுக் கப்பியை ஓட்டினால் பாதி வேகம், சிறிதும் பிசகாது. ஆயினும் சிறு கப்பியில் ஆறு பற்களேனும் எந்நேரமும் பொருந்தியிருத்தல் வேண்டும். கப்பி மிகச் சிறுத்தால் வாரின் உள்ளிழைகள் மடிந்து அறும். இவ்விதியை வல்வெட்டித்துறைக் கடலோடி ஒருவரிடம் கூறின், அவர் தம் கயிற்றைத்தான் எண்ணியிருப்பார்.