பக்க எண்ணும் வரி எண்ணும் காரணம் ஆகாது

1976 செப்டம்பர் 16. நெருக்கடி நிலை அமலில் இருந்த காலம். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்தன, எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் உச்ச நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து, ஒரு புத்தகத்தை அரசு பறிமுதல் செய்தது செல்லாது என்றது. புத்தகம் பெரியாருடையது. இராமாயணத்தைப் பற்றி அவர் தமிழில் எழுதியது ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து இந்திக்குப் போய், 'சச்சி ராமாயண்' என்ற பெயரில் 1968இல் வெளிவந்தது. இந்தியில் வெளியிட்டவர் லலாய் சிங் யாதவ். கான்பூர் பக்கத்துக்காரர், பௌத்தம் தழுவியவர், தானே அச்சகம் வைத்துத் தானே பதிப்பித்தவர். வடநாட்டுப் பெரியார் என்று இன்றும் அவரை அழைக்கிறார்கள்.

திராவிட இயக்க மேடைகளில் இந்த வழக்கைப் பெரியாரின் வெற்றி என்பார்கள். வடநாட்டு அம்பேத்கரிய மேடைகளில் லலாய் சிங்கின் வெற்றி என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தத் தீர்ப்பு எதன் மேல் நின்றது என்பதை நம் மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. இராமாயணத்தை விமர்சிக்கும் உரிமையின் மேல் அது நிற்கவில்லை. 1969 டிசம்பரில் அரசு வெளியிட்ட பறிமுதல் ஆணையில் ஒரு பிற்சேர்க்கை இருந்தது. எந்தப் பக்கத்தில், எந்த வரியில் ஆட்சேபகரமான பகுதி வருகிறது என்று கட்டம் போட்டுப் பட்டியல். அந்த வரி ஏன் குற்றம், யாருடைய மனதை எப்படிப் புண்படுத்துகிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவோ, அரசு தன் கருத்துக்கான காரணங்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. சொல்லவில்லை, ஆகவே ஆணை செல்லாது. 1971 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

சட்ட நுணுக்கத்தால் கிடைத்த வெற்றி என்று இதைச் சிறியதாக நினைக்கக் கூடாது. இன்று உங்கள் பதிவு ஒன்றை ஒரு நிறுவனம் நீக்கினால் என்ன வருகிறது? 'இந்தப் பதிவு எங்கள் சமூக விதிமுறைகளை மீறுகிறது' என்ற ஒரு வரி. பக்கத்திலேயே நீக்கப்பட்ட பதிவு. அதாவது பக்க எண், வரி எண். காரணம் இல்லை. நெருக்கடி நிலைக் காலத்து நீதிமன்றமே ஏற்றுக்கொள்ளாத ஒரு தாளை நாம் தினமும் கைப்பேசியில் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பதிவில் சொல்லை மாற்றிப் போடலாமா என்று யோசிக்கிறோம். சாதி என்ற சொல்லுக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்து எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தது?

லலாய் சிங் ஜெயித்ததற்கு மூன்று விஷயங்கள் உதவின. தடை செய்தது யார் என்று அவருக்குத் தெரியும். அரசு அரசிதழில் அறிவிப்பு போட்டாக வேண்டும், ஒளிய முடியாது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக அதே சட்டத்தில் வழி இருந்தது. இதெல்லாம் வெள்ளைக்காரன் நம் வாயை அடைக்கச் செய்த சட்டம் என்பதை நினைவில் வையுங்கள். 99ஏ பிரிவு 1922இல் வந்தது. அடக்க வந்த சட்டம்கூட முகத்தைக் காட்டிவிட்டுத்தான் அடக்கியது. மூன்றாவது, அவரிடம் சொந்த அச்சகம் இருந்தது.

இந்த மூன்றாவதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அரசு விதித்த தடையைவிட, பத்திரிகை முதலாளிகளின் கதவடைப்புதான் நம் முன்னோர்களை அதிகம் வாட்டியது. 1920 ஜனவரி 31 அன்று பம்பாயில் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜ் 2500 ரூபாய் கொடுத்து உதவினார். அந்த இதழ் வரப்போகிறது என்று ஒரு விளம்பரம் கொடுத்தார்கள், காசு கொடுத்து. புனேயிலிருந்து வந்த 'கேசரி' அதைப் போட மறுத்தது. சுதந்திரம் என் பிறப்புரிமை என்று முழங்கிய திலகரின் பத்திரிகை, திலகர் உயிரோடு இருக்கும்போதே! இந்த மறுப்புக்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. தனியார் பத்திரிகை, தனியார் முடிவு.

பிறகு அம்பேத்கர் இன்னும் ஆழமான ஒரு பூட்டைக் கண்டுபிடித்துச் சொன்னார். செய்தியைத் திரட்டி எல்லாப் பத்திரிகைகளுக்கும் விநியோகித்தது அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா. ராய்ட்டர்ஸுக்குச் சொந்தமானது. அதன் ஊழியர்கள் சென்னைப் பார்ப்பனர்களாக இருப்பதையும், தீண்டப்படாதோர் பற்றிய செய்தி வெளியே போகாததையும் அவர் எழுத்தில் பதிவு செய்தார். பத்திரிகை ஆசிரியர் நல்லவராகவே இருந்தாலும், செய்தி அவர் மேசைக்கு வந்தால்தானே போடுவார்? குழாயின் வாயை ஒரு கூட்டம் பிடித்துக்கொண்டால், கீழே எத்தனை குடங்கள் வைத்தாலும் ஒன்றுதான். தமிழில் இதற்கு இருட்டடிப்பு என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. தடை வேறு, இருட்டடிப்பு வேறு. தடைக்கு ஆணை உண்டு, தேதி உண்டு. இருட்டடிப்புக்கு ஒன்றும் கிடையாது.

இருட்டடிப்புக்கு நம் முன்னோர்கள் கண்ட பதில் அச்சு எந்திரம். 1869இல் வந்த 'சூரியோதயம்' தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களின் வரலாற்றை ஜெ. பாலசுப்பிரமணியம் நூலாகவே எழுதியிருக்கிறார், மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1893 அக்டோபரில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரில் மாத இதழ் தொடங்கினார். மூன்று மாதத்தில் அது வார இதழானது. இரண்டு ஆண்டில் அதற்குச் சொந்த அச்சகம் வந்துவிட்டது. 1896இல் அதில் வெளியான ஒரு கடிதத்துக்காக வழக்குப் போட்டு அவருக்கு 100 ரூபாய் அபராதம் விதித்தார்கள். இதழ் நிற்கவில்லை, 1900 வரை வந்தது. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். பெயரிலேயே விலை. 1914இல் பண்டிதர் இறந்த பிறகும் இதழை உயிர்ப்பிக்க முயற்சிகள் நடந்தன. 1926இல் கோலார் தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் அதை மீண்டும் நடத்தினார். சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் ஒரு பத்திரிகை.

பணமும் ஆள்பலமும் இல்லாமல் திணறிய இதழ்கள்தான் இவை, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு அச்சகம் மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொன்று இருந்தது. சென்னை கைவிட்டால் தங்கவயல் இருந்தது. சந்தாதாரர் பட்டியல் ஆசிரியரின் கையில் இருந்தது. ஒருவர் ஒரு பிரதி வாங்கிவிட்டால் அதை அவர் வீட்டுக்குள் வந்து யாரும் அழிக்க முடியாது.

இனி இன்றைக்கு வருவோம். டெல்லி எல்லையில் விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தபோது, 2021 பிப்ரவரி 1 அன்று, கிசான் ஏக்தா மோர்ச்சா, 'கேரவன்' இதழ் உட்படச் சுமார் 250 ட்விட்டர் கணக்குகளும் பதிவுகளும் இந்தியாவில் தெரியாமல் போயின. அரசு சொன்னது, நிறுவனம் செய்தது. சில மணி நேரத்தில் நிறுவனம் பலவற்றைத் திரும்பத் திறந்தது, அரசு மிரட்டியது, நிறுவனம் மறுபடி பலவற்றை மூடியது. இதற்குப் பயன்பட்டது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. அந்தப் பிரிவு காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் அதற்காக 2009இல் செய்த விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் நடவடிக்கையையும் இரகசியமாக வைக்கச் சொல்கிறது. காரணம் எழுதப்படுகிறது, பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்படுகிறது. 8ஆவது விதியோ, எழுதியவருக்கு 'அல்லது' இடைநிலை நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்கிறது. அந்த 'அல்லது' என்ற ஒரு சொல் போதும். நோட்டீஸ் நிறுவனத்துக்குப் போய்விடும், எழுதியவருக்குத் தன் பதிவு மறைந்த பிறகுதான் தெரியும். அரசிதழ் அறிவிப்பிலிருந்து இரகசிய ஆணைக்கு வந்ததை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

வரதட்சணையைக் கிண்டல் செய்து ஒருவர் நடத்திய அங்கத இணையதளத்தை 2018இல் முடக்கினார்கள். முடக்க ஆணையின் நகலை அவருக்குக் கொடு, அவர் தரப்பைக் கேள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மே மாதத்தில். நகல் வாங்கவே நான்கு ஆண்டுகள். 2025 பிப்ரவரியில் மோடியைச் சங்கிலியில் கட்டியதுபோல் வரைந்த கேலிச்சித்திரத்துக்காக விகடன் இணையதளம் மொத்தமாக முடங்கியது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், படத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்கலாம் என்றது. விகடன் நூறாண்டை நெருங்கிய நிறுவனம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடியும். செங்கல் சூளையில் கொத்தடிமைகளை மீட்டு அதை நேரலையாகப் போடும் ஒரு கிராமத்து இளைஞனின் கணக்கு போனால் யார் வருவார்?

நிறுவனமே வரும் என்று நினைக்காதீர்கள். ட்விட்டர் நிறுவனம் இந்த ஆணைகளை எதிர்த்துக் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது உண்மை. கணக்கு வைத்திருப்பவருக்கு நோட்டீஸ் தரவில்லை என்பதும் அதன் வாதங்களில் ஒன்று. 2023 ஜூன் 30 அன்று மனு தள்ளுபடியானது, 50 இலட்சம் ரூபாய் செலவுத் தொகையும் விதிக்கப்பட்டது. அதே நிறுவனத்தின் தலைவர் ஜாக் டோர்சி 2018 நவம்பரில் டெல்லி வந்தபோது, பார்ப்பனிய ஆணாதிக்கத்தை நொறுக்கு என்ற பதாகையோடு படம் எடுத்துக்கொண்டார். எதிர்ப்பு வந்ததும் நிறுவனத்தின் சட்டப் பொறுப்பாளர் மன்னிப்புக் கேட்டார். பதாகையைக் கொடுத்தது ஒரு தலித் செயல்பாட்டாளர். 2019 நவம்பரில் திலீப் மண்டலின் கணக்கு கட்டுப்படுத்தப்பட்டதும், நீலக் குறியீடு யாருக்குக் கிடைக்கிறது, எந்தச் சாதிக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது, மும்பையில் அலுவலகத்தின் முன் போராட்டமும் நடந்தது. (அவர் இன்று எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வேறு கதை.)

இந்த இடத்தில் நாம் நேர்மையாக ஒன்றைப் பேச வேண்டும். எதையுமே நீக்கக் கூடாது என்பது நம் கோரிக்கை அல்ல. சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்துவதும், ஆணவக் கொலையைக் கொண்டாடுவதும், சேரிப் பெண்களைப் பற்றி எழுதப்படும் ஆபாசமும் நீக்கப்பட வேண்டும் என்று கேட்டவர்கள் நாம்தான். ஃபேஸ்புக் 2018இலும் யூடியூப் 2019இலும் தங்கள் வெறுப்புப் பேச்சு விதிகளில் சாதியைச் சேர்த்தன. அது சும்மா வரவில்லை. ஆனால் விதி எழுதுவது ஒன்று, அதை யார் மேல் பிரயோகிப்பது என்பது இன்னொன்று. 2020 ஆகஸ்டில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு செய்தி வெளியிட்டது. ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர் மேல் வெறுப்புப் பேச்சு விதியைப் பிரயோகிக்க ஃபேஸ்புக்கின் இந்தியக் கொள்கைப் பொறுப்பாளரே எதிர்ப்புத் தெரிவித்தார், வியாபாரம் கெடும் என்று காரணம் சொன்னார் என்பது அந்தச் செய்தி. கேசரியின் மேசையில் நடந்ததுதான் இங்கேயும் நடந்தது. மேசை மட்டும் பெரிதாகிவிட்டது.

இன்னொரு பக்கம், சொல்லை மட்டும் பார்க்கும் எந்திரத்துக்கு அதைச் சொல்பவர் யார் என்று தெரியாது. 'பறையன்' என்ற பெயரை ஏன் வைத்தோம் என்று சீனிவாசன் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. தன்னைத் தன் பெயரால் சொல்ல அஞ்சுகிறவன் உரிமை பெற முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அந்தத் தலைப்போடு இன்று ஒரு பக்கம் தொடங்கினால், இழிசொல் என்று எந்திரம் அதைப் பிடிக்குமா, விடுமா? அவரிடம் விளக்கம் கேட்க எதிரில் மனிதர்கள் இருந்தார்கள்.

சரி, வேண்டாம் என்று வெளியேறலாமே? எங்கே போவது? ஃபேஸ்புக் 2012இல் 100 கோடி டாலருக்கு இன்ஸ்டாகிராமையும், 2014இல் 1900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பையும் வாங்கியது. 2021 அக்டோபர் 4 அன்று மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. மூன்று கடை என்று நினைத்திருந்தோம், ஒரே கடைக்கு மூன்று வாசல். நம் கூட்ட அறிவிப்பு, வழக்கறிஞர் தொடர்பு, கள அறிக்கை, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலம், நன்கொடைக் கணக்கு எல்லாம் அந்த ஒரே கடைக்குள் இருக்கின்றன. கூகுள் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் தன் செயலிகளைத் திணித்ததற்காக 2022இல் இந்தியப் போட்டி ஆணையம் 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம் சேரிகளில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கைப்பேசிதான். ஏழைகளுக்கு இலவச இணையம் என்று ஃபேஸ்புக் கொண்டுவரப் பார்த்த திட்டத்தை மட்டும் 2016 பிப்ரவரியில் டிராய் நிறுத்தியது. நின்றிருக்காவிட்டால், நம்மில் பலருக்கு இணையம் என்பதே அந்த நிறுவனம் தேர்ந்தெடுத்த சில தளங்களாகத்தான் இருந்திருக்கும்.

ஏகபோகத்தின் கேடு விலையில் மட்டும் இல்லை. நினைவு முழுவதும் ஒருவன் கையில் சேர்வதுதான் நம்மை அதிகம் பாதிக்கும். அயோத்திதாசரைத் தமிழ் அறிவுலகம் ஏறத்தாழ மறந்தே போயிருந்தது. 1999இல் ஞான அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளியிட்ட பிறகுதான் பண்டிதர் மறுபடி விவாதத்துக்குள் வந்தார். அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து. அது எப்படி முடிந்தது? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய 'தமிழன்' இதழ்களைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். எந்த நூலகமும் மதிக்காத காகிதத்தை மக்கள் காப்பாற்றினார்கள். கடந்த பத்தாண்டில் நாம் போட்ட நேரலைகள், ஊர்விலக்கத்துக்கு எதிரான காணொளிகள், கொலை நடந்த இரவில் எழுதிய பதிவுகள் எங்கே இருக்கின்றன? கணக்கு முடங்கினால் அவையும் சேர்ந்து போகும்.

எனவே, நம் படிப்பு வட்டங்களில் இப்போதே தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு. கள அறிக்கையை முதலில் தாளில் எழுதி மூன்று பிரதி எடுங்கள், பிறகு பதிவேற்றுங்கள். காணொளியின் மூலக் கோப்பை வன்தட்டில் வையுங்கள், ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் உள்ள தோழரிடம். ஆதரவாளர்களின் தொலைபேசி எண்களைப் பழைய சந்தாதாரர் பட்டியல்போல் நோட்டில் எழுதி வையுங்கள், பூட்டியும் வையுங்கள். பதிவு நீக்கப்பட்டால் அந்த அறிவிப்பைத் தேதியோடு படம் பிடியுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2021 விதிகளின்படி 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், விதியில் குறித்த கெடுவுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அந்தக் குழுவை நியமிப்பது ஒன்றிய அரசு என்பதால் பெரிய நம்பிக்கை வேண்டாம், ஆனாலும் எழுத்தில் பதில் வரும். கடிதத்தில் நீளமாக எதுவும் வேண்டாம். எந்த விதி, அந்த விதியை எந்தச் சொல் மீறியது, ஏன் அது மீறல், முடிவெடுத்தது மனிதரா எந்திரமா என்று கேளுங்கள். பதிலில் வெறும் பதிவின் இணைப்பு மட்டும் வந்தால், அதை லலாய் சிங் வழக்கின் தீர்ப்போடு சேர்த்து ஒரே கோப்பில் வையுங்கள்.