துறைமுகச் செயல்திறன் அளவீட்டின் வரலாறு

துறைமுகச் செயல்திறன் அளவீடு என்பது ஒரு துறைமுகமோ அதன் முனையமோ சரக்கை எவ்வளவு விரைவாக, எவ்வளவு செலவில் கையாள்கிறது என்பதை எண்களால் மதிப்பிடும் முறையாகும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ‘எத்தனை டன்’ என்ற கேள்வியே இதில் முதன்மையாக இருந்தது. பின்னர் ‘எத்தனை மணி நேரம்’ என்ற கேள்வியும் சேர்ந்தது. காத்திருப்பதால் வரும் இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது என்பதே இந்த வரலாறு முழுவதும் தொடரும் சிக்கல்.

எடைக் கணக்கு

பெட்டகங்கள் வருவதற்கு முன் மூட்டை, பீப்பாய், மரப்பெட்டி என உதிரியாகவே பொதுச்சரக்கு ஏற்றப்பட்டது. தொழிலாளர்கள் குழுக்களாகப் பிரிந்து கப்பலுக்குள்ளும் கரையிலும் வேலை செய்தனர். ஒரு குழு ஒரு மணி நேரத்தில் எத்தனை டன் ஏற்றி இறக்கியது என்பது வேலையின் அளவுகோலாக இருந்தது. துறைமுகத்தின் வருமானம் பெரும்பாலும் சரக்கின் அளவைச் சார்ந்திருந்ததால் மொத்த டன் கணக்கே பெருமைக்குரிய எண்ணாகக் கருதப்பட்டது. கப்பல் கடலில் நங்கூரமிட்டுக் கிடந்த நாட்களை இந்த எண் காட்டுவதில்லை.

பெட்டகத்தின் வருகை

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 பெட்டகங்களுடன் அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அக்காலத்தில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவானது. இக்கப்பலில் அது 16 சென்டுக்கும் குறைவாக இருந்தது.

பெட்டகம் அளவுகோலையும் மாற்றியது. உள்ளே இருப்பது பஞ்சானாலும் இரும்பானாலும் பாரந்தூக்கிக்கு அது ஒரே ஒரு தூக்கல்தான். எனவே 20 அடிப் பெட்டகம் ஓர் அலகாகவும், 40 அடிப் பெட்டகம் இரண்டு அலகாகவும் கணக்கிடப்பட்டன. ஒரு பாரந்தூக்கி மணிக்கு எத்தனை தூக்கல் செய்கிறது என்பது முனையத்தின் திறனைக் காட்டும் எண்ணாயிற்று. இந்தியாவில் பெட்டகங்களுக்கென்றே அமைந்த முதல் முனையம் 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் திறக்கப்பட்டது.

லாகோஸ் நெரிசல்

காத்திருப்பின் விலையை உலகுக்குக் காட்டிய நிகழ்வு 1975-இல் நைஜீரியாவில் நடந்தது. எண்ணெய் வருமானம் பெருகியிருந்த அந்நாடு, கட்டுமானப் பணிகளுக்காக 68 நிறுவனங்களுடன் 109 ஒப்பந்தங்கள் செய்து 1 கோடியே 60 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட சிமெண்டை வாங்க முன்வந்தது. அதில் சிறு பங்கைக் கையாளும் திறன்கூட அதன் துறைமுகங்களுக்கு இல்லை. லாகோஸ் கடற்பரப்பில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிமெண்ட் கப்பல்கள். மற்ற இறக்குமதிகளும் முடங்கின. காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போயிற்று.

1975 ஜூலை 29 அன்று யாகுபு கோவோனின் ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக முயன்றது. வழக்குகள் இங்கிலாந்து, அமெரிக்க நீதிமன்றங்கள் வரை சென்றன. ஆண்டுக்கு எத்தனை டன் இறக்க முடியும் என்ற கணக்கை ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன்பே பார்த்திருந்தால் இவ்வளவு பெரிய இழப்பு நேர்ந்திருக்காது.

1976 கையேடும் வரிசைக் கணிதமும்

ஐக்கிய நாடுகளின் வணிக, வளர்ச்சி மாநாடு 1976-இல் துறைமுகச் செயல்திறன் குறியீடுகள் பற்றிய கையேட்டை வெளியிட்டது. அது குறியீடுகளை நிதி சார்ந்தவை, இயக்கம் சார்ந்தவை என இரண்டாகப் பிரித்தது. கப்பலின் காத்திருப்பு நேரம், தளத்தில் நின்ற நேரம், வந்து திரும்ப ஆன மொத்த நேரம், தொழிலாளர் குழு வேலையின்றி இருந்த நேரத்தின் விகிதம் ஆகியவை இரண்டாம் வகையில் இடம்பெற்றன.

கப்பல் தளம் எப்போதும் நிறைந்திருப்பதே நல்ல நிர்வாகம் என்று தோன்றலாம். வரிசைக் கணிதம் வேறு விதமாகச் சொல்கிறது. தொலைபேசி இணைப்புகளை ஆராய்ந்த டென்மார்க்கின் ஏ. கே. எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த இக்கணிதம் பின்னர் துறைமுகத் திட்டமிடலுக்கும் வந்தது. கப்பல்கள் ஒழுங்கற்ற இடைவெளியில் வரும் ஒற்றைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கிறக்கும் நேரமும் கப்பலுக்குக் கப்பல் மாறுகிறது என்க. எளிய கணக்கின்படி, தளம் 50 விழுக்காடு நேரம் பயன்பட்டால் சராசரிக் காத்திருப்பு, சரக்கிறக்கும் நேரத்துக்குச் சமம். 80 விழுக்காட்டில் அது நான்கு மடங்கு. 90 விழுக்காட்டில் ஒன்பது மடங்கு. துறைமுகத்துக்குச் சிக்கனமாகத் தெரிவது கப்பலுக்குப் பெருஞ்செலவாக முடியும்.

தரவரிசைக் காலம்

இந்தியப் பெருந்துறைமுகங்களில் கப்பல் வந்து திரும்பும் சராசரி நேரம் 2013-14-இல் சுமார் 94 மணியாக இருந்தது. அரசின் கணக்குப்படி அது 2023-24-இல் சுமார் 48 மணியாகக் குறைந்தது.

உலக வங்கி 2021-இல் முதல் பெட்டகத் துறைமுகச் செயல்திறன் குறியீட்டை வெளியிட்டது. கப்பல் துறைமுகத்தில் செலவிடும் நேரமே இதன் அடிப்படை. 351 துறைமுகங்கள் இடம்பெற்ற அப்பட்டியலில் ஜப்பானின் யோகோகாமா முதலிடம் பெற்றது.

இரண்டு அளவுகோல்களும் எவ்வளவு முரண்படக்கூடும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் சான்றாகும். பெருந்தொற்றுக் காலத்து இறக்குமதிப் பெருக்கத்தால் 2021-இல் அது சுமார் 1 கோடியே 7 லட்சம் அலகுகளைக் கையாண்டது. அதன் வரலாற்றில் அதுவரை இல்லாத அளவு அது. அந்த நெரிசலின் உச்சத்தில் அதற்கும் அண்டையிலுள்ள லாங் பீச்சுக்கும் வரவேண்டிய 100-க்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்திருந்தன. அதே ஆண்டுக்கான உலக வங்கிக் குறியீட்டில் இரு துறைமுகங்களும் பட்டியலின் அடியில் இடம்பெற்றன.

கணக்கில் சேராத காத்திருப்பு

கப்பலின் நேரத்தை மட்டும் அளக்கும் குறியீடு துறைமுக வாயிலுக்கு வெளியே நடப்பதைக் காண்பதில்லை. சென்னையில் எண்ணூர், மணலிச் சாலைகளில் பெட்டக லாரிகள் நீண்ட வரிசையில் நிற்பது பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட சிக்கல். கப்பல் விரைவாகத் திரும்பினாலும், அதன் பெட்டகம் முற்றத்தில் பல நாள் கிடந்தால் வணிகருக்கு இழப்பு. வாயிலில் வரிசை நகராவிட்டால் ஓட்டுநருக்கு இழப்பு. இதனால் பெட்டகம் முற்றத்தில் தங்கும் நாட்களையும், லாரி உள்ளே சென்று திரும்பும் நேரத்தையும் தனியே அளக்கும் வழக்கமும் வளர்ந்துள்ளது. கப்பலின் காத்திருப்பு கணக்கில் ஏற நெடுங்காலமாயிற்று. ஓட்டுநரின் காத்திருப்பு உலகத் தரவரிசைகளில் இன்னும் உரிய இடம் பெறவில்லை.