கோழி கிளறும் மண்



நாளைக் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது உங்கள் வீட்டுக் கோழியின் காலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில கோழிகளுக்குக் கால் நல்ல மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது தெரியுமா? ராயப்பன்பட்டிக்கு மேலே நிற்கிறதே மேகமலை, அந்தக் காட்டில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி ஒன்று திரிகிறது. அந்த இனத்திடமிருந்து வந்தது. வீட்டுக் கோழிக்கு முக்கியமான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் காலைக் கொடுத்தது நம்ம தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழி என்று சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் 2008-ல் கண்டு சொன்னார்கள். அதற்காகக் காட்டுக்கோழிக்குக் கண்ணி வைத்துவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

ஆக, நம்ம கொல்லைக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம்.

நம்ம பாட்டிமார் காலத்துக் கொல்லையை நினைத்துப் பாருங்கள். வேலியில் அவரை, கூரை மேலே சுரை, கிணற்றடியில் வாழை, ஓரத்தில் முருங்கையும் அகத்தியும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கத்தரிக்குப் போகும். சொத்தைக் காயும் கீரைத் தண்டும் கோழிக்குப் போகும். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகு நெல் பெருகியது. குருணைக்கும் தவிட்டுக்கும் பஞ்சமில்லை. குஞ்சுக்குக் கரையான் வேண்டுமென்றால், பழைய பானையில் சாணியும் வைக்கோலும் போட்டுக் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்தால் கரையான் தயார். கோழி எச்சமும் சாம்பலும் குப்பைக் குழிக்குப் போய், மட்கி, மறுபடி தோட்டத்துக்கு வரும். முட்டை விற்ற காசு வீட்டுக்காரம்மாவின் சிறுவாட்டில் சேரும். பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கவும் அவசரத்துக்கு வைத்தியம் பார்க்கவும் அந்தக் காசுதான் கைகொடுக்கும். அதற்கு ஆம்பிளைகளிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை!

இந்தக் கொல்லைக்கு முதல் அடி ஒரு நோயால் விழுந்தது. 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் ஊரிலும் ஜாவாத் தீவிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1927-ல் அது இமயமலை அடிவாரத்து ராணிக்கேட்டில் காணப்பட்டது. அதனால் நம்ம நாட்டில் ராணிக்கேட் நோய் என்று பேர். நாம் வெள்ளைக்கழிச்சல் என்கிறோம். கோழி வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், தலை திருகும், இறக்கை தொங்கும். ஒரு வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடும்.

1940-களில் முக்தேசுவரம் ஆராய்ச்சிக் கூடத்தில் இதற்குத் தடுப்பு மருந்து கண்டார்கள். நம்ம மாகாணத்தில் 1932-ல் தொடங்கிய ராணிப்பேட்டை நிலையமும் கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரித்து வந்தது. மருந்து இருந்தும் கோழிகள் ஏன் செத்தன? காரணம் மருந்தில் இல்லை. மருந்தை ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேல் வரும். உடைத்துக் கரைத்தால் இரண்டொரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கிற அம்மா அதற்கு என்ன செய்வார்? பெரிய பண்ணைக்குச் சுலபமாகக் கிடைத்த மருந்து கொல்லைக்கு எட்டவில்லை.

இதற்கு வழி, தெருவே ஒன்று சேர்வதுதான். பத்து வீட்டுக் கோழிகளை ஒரே நாளில் பிடித்து வைத்தால் ஒரு குப்பி வீணாகாது. குஞ்சுக்கு ஒரு வார வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. ஊரில் முகாம் போடும் நாளைக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. நோய் கண்டதும் மிச்சக் கோழியைச் சந்தையில் தள்ளிவிடுவதும், சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடுவதும் நம்மிடம் இருக்கிற பழக்கம். அது நோயை அடுத்த ஊருக்கு அனுப்பி வைப்பதற்குச் சமம். செத்த கோழியை ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

அடுத்து 1960-கள். யுனிசெப், உலக உணவு வேளாண்மை நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு, ஊராட்சி ஒன்றியங்கள் வழியாக ஒரு சத்துணவுத் திட்டம் வந்தது. மாதர் சங்கங்களுக்குக் காய்கறி விதையும் கோழியும் கொடுத்தார்கள். நோக்கம் நல்லது: கொல்லையில் விளைவது முதலில் பிள்ளை வயிற்றுக்குப் போக வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் பரவிய வெள்ளை லெகார்ன் கோழி கூண்டுக்கு ஏற்றது. நாட்டுக் கோழி வருசத்துக்கு அறுபது, எண்பது முட்டை இட்டால், அது முந்நூறு வரை இடும். கொல்லையில் விட்டாலோ அடைக்கு உட்காராது; அதன் வெள்ளை நிறம் பருந்தின் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். முட்டைக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது என்பது அப்போது கற்ற பாடம். தானே இரை தேடி, தானே குஞ்சு பொரித்து, தானே குஞ்சைக் காக்கிற சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் கொல்லையில் இன்னும் இடம் உண்டு.

இனி மண்ணுக்கு வருவோம். இன்றைக்கு இயற்கை வேளாண்மை என்று உலகமே பேசுகிறது. அதை வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். ஆல்பர்ட் ஹோவர்டு என்ற வெள்ளைக்காரர் 1905-ல் நம்ம நாட்டுக்கு வேளாண்மை ஆராய்ச்சிக்கு வந்தார். குடியானவர்களையும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்கள் என்று அவர் எழுதி வைத்தார். இந்தூரில் இருந்தபோது சருகு, சாணி, மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் இவற்றை அடுக்கி, புரட்டிப் போட்டு, சுமார் மூன்று மாதத்தில் உரமாக்கினார். 1931-ல் புத்தகமாக வந்த அந்த இந்தூர் முறைக்கு அடிப்படை, நம்ம குப்பைக் குழி மாதிரிப் பழைய வழக்கந்தான்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? அதே குப்பைக் குழிக்குப் பக்கத்தில் பி.எச்.சி. தூளைக் கொண்டுவந்து வைத்தோம். கத்தரியில் புழுவா, தூவு. கோழியில் பேனா, தூவு. எறும்பா, தூவு. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அன்றைய வேளாண்மைச் சிபாரிசுகளிலேயே அது இருந்தது. பிற்பாடுதான் தெரிந்தது, அது மண்ணில் வருசக்கணக்கில் தங்கும், கொழுப்பில் சேரும் என்று. டி.டி.டி.யைப் பயிருக்கு அடிப்பது 1989-லும், பி.எச்.சி. 1997-லும் தடை செய்யப்பட்டன.

இங்கேதான் கோழியின் சரித்திரமும் மண்ணின் சரித்திரமும் ஒன்று சேருகின்றன. கோழி மண்ணைக் கிளறித் தின்கிறது. புழுவோடு மண்ணும் உள்ளே போகிறது. மண்ணில் கிடக்கிற விஷம் மஞ்சள் கருவில் போய்ச் சேருகிறது. அந்த முட்டையைத்தான் நம்ம பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டை என்று ஆசையாக ஊட்டுகிறோம். மண் சுத்தமாக இருந்தால்தான் முட்டையும் சுத்தம். "நாட்டுக்கோழி" என்ற பேர் மட்டும் காப்பாற்றாது.

ராயப்பன்பட்டிக்காரர்களுக்கு இது முக்கியம். உங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் பந்தலுக்கு மருந்து அடிக்காமல் முடிவதில்லை. மயில்துத்தம் சேர்ந்த போர்டோ கலவையும் அதில் ஒன்று. செம்பு ஓர் உலோகம். அது மட்கிப் போகாது. ஆகவே சில காரியங்களைத் தவறாமல் செய்யுங்கள். தெளிப்பான் டிரம்மைக் கொல்லையில் கழுவாதீர்கள். மருந்து டப்பாவில் கோழிக்குத் தண்ணீர் வைக்காதீர்கள். பக்கத்தில் மருந்து அடிக்கிற அன்றைக்குக் கோழியைப் பஞ்சாரத்தில் அடையுங்கள். பந்தலடி மண்ணை வீட்டுத் தோட்டத்துக்கு அள்ளி வராதீர்கள்.

தோட்டத்தில் நாற்று வேர் பிடிக்கும்வரை முள்ளோ பழைய சேலையோ கட்டிக் கோழியைத் தடுங்கள். செடி நிமிர்ந்த பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம் விட்டால் புழுவையும் வெட்டுக்கிளியையும் அதுவே பொறுக்கிவிடும். பச்சைக் கோழி எச்சம் சூடு; நேரே கீரைக்குப் போடாமல் குழியில் மட்க வைத்துப் போடுங்கள்.

நம்ம பாட்டிமாருக்குப் பூச்சி மருந்து தெரியாது. அவர்கள் விட்டுப்போன கொல்லை சுத்தமாக இருந்தது. நமக்கு எல்லாம் தெரியும். நம்ம பேரப்பிள்ளைகளுக்கு நாம் எந்தக் கொல்லையை விட்டுப் போகப் போகிறோம்? நாளைக் காலையில் கோழி மண்ணைக் கிளறும்போது ஒரு நிமிசம் நின்று யோசித்துப் பாருங்கள்.