முப்பத்தொன்பது இலக்கப் பகா எண்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்பர். 13, 31 போன்றவற்றைத் தொடக்கப்பள்ளி மாணாக்கனும் வகுத்துப் பார்த்துச் சொல்லிவிடுவான். 39 இலக்கங்கள் கொண்ட எண்ணை அவ்வாறு வகுத்துப் பார்க்க மனித ஆயுள் போதாது. ஆயினும் பிரான்சு நாட்டுப் பள்ளியாசிரியரான எதுவார் லூக்காஸ், 1876ஆம் ஆண்டில் அத்தகைய எண்ணொன்றைப் பகா எண்ணென நிறுவினார்.

அவ்வெண்ணின் வரலாறு பழையது. ஐந்து இரண்டுகளைத் தம்முள் பெருக்கினால் 32. ஒன்று குறைக்க 31, பகா எண். ஏழு இரண்டுகளுக்கு 127. அதுவும் பகா எண்ணே. பதினொன்றுக்கோ 2047, அது 23ஐ 89ஆல் பெருக்க வருவது. 257 இரண்டுகள் வரை எவற்றுக்குப் பகா எண் கிடைக்கும் என்று மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவியார் 1644இல் ஒரு பட்டியல் தந்தார். நிரூபணம் தந்தாரில்லை. 31 இரண்டுகளுக்குரிய 2147483647 பகா எண்ணே என்பதை 1772இல் ஆய்லர் காட்டினார். அவரும் வகுத்தே பார்த்தார். எவை வகுக்கக்கூடும் என்பதை மட்டும் முன்னரே சலித்தெடுத்துக்கொண்டார். 127 இரண்டுகளுக்கு அவ்வழி எட்டாது.

லூக்காஸ் வகுஎண்ணைத் தேடுவதையே விட்டார். அவர் முறையை 1930இல் அமெரிக்கரான லேமர் எளிமையாக்கினார். 31ஐ எடுத்துக்கொள்வோம். 4இல் தொடங்குக. அதனை அதனாலேயே பெருக்கி இரண்டைக் கழிக்க 14. மறுபடியும் அவ்வாறே செய்ய 194. 31ஆல் வகுக்க மீதி 8. மீண்டும் செய்ய 62, மீதியில்லை. ஐந்து இரண்டுகளுக்கு மூன்று படிகள். இறுதிப் படியில் மீதியற்றால் பகா எண். 127 இரண்டுகளுக்கு 125 படிகளே. ஆனால் அங்கே பெருக்க வேண்டியவை 39 இலக்க எண்கள்! அதில் தேறிய எண் இது: 170141183460469231731687303715884105727.

இறுதியில் மீதி எஞ்சினால் எண் பகுபடும் என்பது உறுதி. எதனால் பகுபடும் என்பது தெரியாது. மெர்சென் பட்டியலிலிருந்த 67 இரண்டுகளின் எண் பகா எண்ணன்று என்று லூக்காஸ் காட்டியதும் இவ்வகையில்தான். அதன் காரணிகளான 193707721, 761838257287 ஆகிய இரண்டையும் அமெரிக்கரான கோல் 1903இல் வெளியிட்டார். கோலின் விடையை எவரும் பெருக்கிச் சரிபார்க்கலாம். ஆதலால் அதையே பலர் போற்றுவர். எனினும் அவ்வெண் பகுபடும் என்னும் உண்மை 27 ஆண்டுகளுக்கு முன்னரே ஐயமற நிலைபெற்றுவிட்டது. காரணி காணாத நிரூபணம் குறையுள்ளதன்று.

துறவியாரின் பட்டியலில் 67, 257 இரண்டும் பிழை. 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை. 127 சரியாகவே இருந்தது. லூக்காஸின் அந்த எண்ணை விஞ்சும் பகா எண் 75 ஆண்டுகள் கிடைக்கவில்லை. 1951இல் மேசைக் கணக்குப் பொறியின் துணையால் ஃபெரியே 44 இலக்க எண்ணொன்றைக் கண்டார். அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜ் மின்னணுக் கணிப்பொறி 79 இலக்கத்தை எட்டியது. 2024இல் அறிவிக்கப்பட்ட பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதுவும் இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்துப் பெற்றதே. அதனை உறுதிசெய்ததும் லூக்காஸ், லேமர் இருவரின் முறையே.